மூச்சு முட்டிப் பிறந்த குழந்தைக்குச் சிறுநீரகம் ஏன் பாதிக்கிறது?

பிறந்ததும் மகன் அழவில்லை, மூன்றாம் நாள் கிட்னியும் சரியில்லை என்கிறார்கள். மூச்சு முட்டினால் மூளைதானே பாதிக்கும், டாக்டர் எதையாவது மறைக்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐசியூ வாசலில் உட்கார்ந்துதான் இதைக் கேட்டிருப்பீர்கள். 2019-ல் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் டாக்டர் இல்லை. கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். ஜீப்காரன் வைத்தியம் சொல்கிறான் என்று சிலர் வருவார்கள். எங்கள் பிள்ளையை வைத்து டாக்டர்கள் சொன்னதையும், அப்புறம் நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

டாக்டர் மறைக்கவில்லை. என் மாமனாருக்குக் கம்பத்தில் வயல். பெரியாறு அணையில் தண்ணீர் குறைந்தால் குடிதண்ணீருக்கு மட்டும் விட்டுவிட்டு வயலுக்குப் போகிற மதகை அடைத்துவிடுவார்கள். பிள்ளையின் உடம்பும் அதையேதான் செய்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, சிறுநீரகம், குடல், ஈரல் பக்கம் குறைத்துவிடும். முதலில் வாடுவது பெரும்பாலும் சிறுநீரகம்தான். குடலும் வாடியிருக்கும் என்பதால்தான் பாலை நிறுத்தி வைக்கிறார்கள்; பட்டினி போடுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். முதல் நாள் அளவில் அம்மாவுடையதும் சேர்ந்திருக்கும். அடுத்தடுத்த நாள் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள்.

என் மனைவிக்கு நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே பிரிந்துவிட்டது. நடுராத்திரி கோட்டயம் போகும் கே.கே. ரோட்டில் குட்டிக்கானம் இறங்கி, கோட்டயம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோனோம். எடை 2.8 கிலோ. கிலோவுக்கு மணிக்கு 1 மில்லியாவது சிறுநீர் வரவேண்டும் என்றார்கள். நர்ஸ் டயப்பரை எடுத்துச் சின்னத் தராசில் வைப்பார், காய்ந்த டயப்பரின் எடையைக் கழிப்பார். ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. இரண்டு நாள் கழித்துக் கழித்துப் பார்த்தும் ஒன்றும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அந்த நர்ஸ் ஓடிவந்து, "மோன் மூத்ரம் ஒழிச்சு" என்றார். மகன் சிறுநீர் கழித்துவிட்டான் என்று அர்த்தம். இத்தனை வருஷம் மலையாளத்தோடு பழகியும், அந்த நேரத்தில் 'ஒழிஞ்சது' என்றுதான் காதில் விழுந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையில் இருந்த சீட்டில் 11 மில்லி என்று எழுதியிருந்தது.

மூளையைக் காக்கக் குளிர்விக்கும் சிகிச்சை ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்பார்கள். பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடம்பை 33.5 டிகிரி செல்சியஸில் வைப்பது அது. எங்கள் டாக்டர் வேண்டாம் என்றார். கெஞ்சியாவது செய்யச் சொல்லியிருக்கலாமோ என்று இரண்டு வருஷம் புழுங்கினேன். 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில் குளிர்வித்ததால் இறப்போ ஊனமோ குறையவில்லை, இறப்பு கூடத்தான் செய்தது. அதற்காக அந்தச் சிகிச்சையே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. முடிவு உங்கள் டாக்டருடையது.

கிரகணத்தில் காய் நறுக்கினாள், முக்கத் தெரியவில்லை என்று என் மனைவியைப் பேசாத சொந்தம் இல்லை. நஞ்சு பிரிந்ததற்கு அவள் என்ன செய்வாள்? உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் ரேஷன் கார்டு கம்பத்தில். பிசியோதெரபிக்கு அலைந்தபோது இந்தப் பக்கம் "கார்டு தமிழ்நாடு" என்றார்கள், அந்தப் பக்கம் "பிறந்தது கேரளா" என்றார்கள். குமுளி செக்போஸ்டைத் தாண்டினால் பிள்ளைக்கு வேறு கால் முளைக்குமா? இதைக் கேட்டதற்கு ஓர் அலுவலகத்தில் என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும், எங்களுக்கும் தேறியது. வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரும் சிறுநீரும் பார்க்கிறோம். மூளைதான் மெதுவாகக் கணக்கைக் காட்டும். எங்கள் பிள்ளை நடக்க 20 மாதம் ஆனது. அதனால் கிட்னி சரியாகிவிட்டது என்றதும் டிஸ்சார்ஜோடு விட்டுவிடாதீர்கள், தலை ஸ்கேனும் வளர்ச்சிப் பரிசோதனையும் எந்தெந்த மாதம் என்று எழுதி வாங்குங்கள். இன்றைக்கு ராத்திரி நர்ஸிடம் எத்தனை மில்லி என்று மட்டும் கேளுங்கள். சொல்வார்கள்.