ஸ்ப்ரே அடித்தும் சிற்றெறும்புகள் ஏன் திரும்பி வருகின்றன?

சமையலறையில் ஸ்ப்ரே அடித்தால் சில நாட்களில் வேறொரு மூலையிலிருந்து எறும்புகள் கிளம்புகின்றனவே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள, வெளிர் மஞ்சள் நிறமான, சுவிட்சுப் பெட்டியிலிருந்து வரிசையாக இறங்கும் எறும்பு என்றால், அது பெரும்பாலும் பாரோ எறும்பாகத்தான் இருக்கும். எங்கள் அடுக்ககத்திலும் இதே தொல்லை இருந்ததால் இதை எழுதுகிறேன்.

இந்த எறும்பின் ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்து தெளித்தால், வெளியே திரியும் வேலைக்கார எறும்புகள் மட்டும் சாகும். உள்ளே இருப்பவை முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிக்கொண்டு, சில ராணிகளோடு சுவரின் வேறு இடுக்குகளில் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். ஒரு கூடு இருந்த வீட்டில் மூன்று நான்கு கூடுகள் உண்டாவது இப்படித்தான். மஞ்சள் தூள், பெருங்காயம், எறும்புச் சாக்பீஸ் எல்லாம் பாதையை மாற்றுமே தவிர, கூட்டைத் தொடாது.

ஆகவே, வரிசையில் வரும் எறும்பைக் கொல்லாமல், அதன் வயிற்றிலேயே நஞ்சை ஏற்றிக் கூட்டுக்குள் அனுப்ப வேண்டும். எறும்புகள் குடித்த இனிப்பு நீரை வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் ஊட்டும் இயல்புடையவை என்பதால், அது ராணி வரை போய்ச் சேரும். 100 மில்லி வெந்நீரில் இரண்டு மூன்று தேக்கரண்டி சர்க்கரையையும் 1 கிராம் போரிக் அமிலத்தையும், அதாவது கால் தேக்கரண்டி அளவை, நன்றாகக் கரைத்து, பஞ்சை அதில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து வரிசையின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். போரிக் அமிலம் மருந்துக்கடையில் கிடைக்கும். கேரம் பலகைக்குத் தூவும் பவுடரும் பல நேரங்களில் இதுவேதான், ஆனால் உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அளவைக் கூட்டினால் வேகமாகப் பலிக்கும் என்று நினைக்காதீர்கள். மருந்து கடுமையானால் எறும்பு கூட்டை அடையும் முன்பே செத்துவிடும், அல்லது குடிக்காமலே விலகிப் போகும்.

முதல் நாள் பஞ்சைச் சுற்றிக் கூட்டம் பெருகும். வீட்டில் உள்ளவர்கள் துடைக்கத் துணியை எடுப்பார்கள். அவர்களைத் தடுப்பதுதான் இதில் பெரிய வேலை. பஞ்சு காயக் காயப் புதிதாக நனைத்து வையுங்கள். ஓரிரு வாரங்களில் வரத்து குறையும், பெரிய கூடாக இருந்தால் இன்னும் சில வாரங்கள் ஆகலாம். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும்.

வரத்து முழுவதும் நின்ற பிறகு, அவை போட்டு வைத்த வாசனைத் தடம் போகும்படி பாதையைச் சோப்பு நீரால் துடைத்து, தொட்டிக் குழாயைச் சுற்றியும் சன்னல் சட்டத்தின் ஓரத்திலும் உள்ள சந்துகளை வெள்ளை சிமெண்டால் அடைத்துவிடலாம். சர்க்கரை, எண்ணெய்ப் பாத்திரங்களைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதானால் அந்த நீரில் ஒரு சொட்டுச் சோப்பு விடுங்கள். வெறும் நீரில் தூசி படிந்தால் அதன் மேலேயே நடந்து கடந்துவிடும். அடுக்ககத்தில் சுவர் பொதுவானது என்பதால், பக்கத்து வீட்டினரும் அதே வாரத்தில் பஞ்சு வைக்க ஒப்புக்கொண்டால் மிகவும் நல்லது.