பயனாளி என்றொரு சொல்

அன்புள்ள ஐயா,

காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றி அண்மையில்தான் படித்தேன். ஏழைப் பயனாளிகளுக்கு அவர் நிலம் வழங்கியதைப்போல நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் தவிக்கிறது. மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா? சேவைக்கு வர அரசியல் சார்பு அவசியமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அரசியல் சார்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேலையை விடுவதைப் பற்றி உங்கள் மனைவியிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்? ஆனால் 'பயனாளி' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். சில வாரங்களாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கும் சொல் அது.

1968 டிசம்பர் 25 இரவு, விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணிக் கிராமத்தில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகே கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சையில் வேரூன்றினார்கள். நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபாவின் பூதான இயக்கத்துக்காக ஊர் ஊராக நடந்தவர்கள் அவர்கள். தானமாக வந்த நிலத்தில் எவ்வளவு தரிசு, எவ்வளவு வழக்கில் கிடந்தது என்பதையும் அறிந்தவர்கள். ஆகவே உழுபவருக்கு நிலம் என்று 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி இயக்கத்தில், நிலம் வைத்திருந்தவர்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிந்தார்கள். கடனை விளைச்சலிலிருந்து அடைத்தவர்கள் அந்தக் கூலிக்காரக் குடும்பங்கள். அவர்களைப் பயனாளி என்று சொல்ல உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நீங்கள் வீட்டுக்கடன் வாங்கினால் வங்கி உங்களை வாடிக்கையாளர் என்கிறது, தேநீர்கூடத் தருகிறது. சேற்றில் நின்று தவணை கட்டியவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர்? 'வழங்கினார்' என்பதும் தவறுதான். அவர்கள் வாங்கினார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில், கைநாட்டு வைத்துவிட்டு விரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட அவசரப்பட்ட எழுத்தரிடம், "எம் பேரு எங்கன இருக்குன்னு தொட்டுக் காட்டு தம்பி" என்றார். அவர் காட்டினார். மூதாட்டி மை படாத விரலால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, பத்திரத்தில் விரல்பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தார். வாசிக்கத் தெரியாதவர் அப்படி எதைத் தேடினார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து பேருந்துக்காக நின்றபோதுதான் உறைத்தது, நூறு நாள் கூலிப் பதிவேட்டில்கூட அவரை இன்னாரின் மனைவி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தவிப்பு பொய்யில்லை என்று தெரியும். மறுபடி எழுதுங்கள், அந்தச் சொல் இல்லாமல். குழந்தையின் பெயரை எழுதவில்லையே, அதையும் சேர்த்து எழுதுங்கள்.