தம்மாத்தூண்டா?

கேள்வி: டொமினிக்காவும் டொமினிக்கன் ரிபப்ளிக்கும் ஒண்ணுதானே சார்? அந்த தம்மாத்தூண்டு தீவுக்கு போன இதழ்ல ஒரு முழுப்பக்கம் எதுக்கு?

பதில்: ஒண்ணு இல்லீங்க. டொமினிக்கன் ரிபப்ளிக் ஹைட்டியை ஒட்டி இருக்கு, ஸ்பானிஷ் பேசுற பெரிய நாடு. நான் எழுதினது கரீபியன் கடல்ல குவாதலூப், மார்ட்டினிக்ங்கிற ரெண்டு தீவுக்கும் நடுவுல, இங்கிலீஷும் கிரியோல்ங்கிற கலப்பு மொழியும் பேசுற டொமினிக்கா, 1978-ல சுதந்திரம் வாங்கின நாடு.

இப்ப அந்த 'தம்மாத்தூண்டு'க்கு வரேன், அதை அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. பரப்பளவு 750 சதுர கிலோமீட்டர், சரி, ஆனா அந்தத் தீவு படுத்துக் கிடக்கல, எழுந்து நிக்குது. மோர்ன் டயப்லொட்டின் மலை மட்டும் 1,447 மீட்டர், கடல் காத்து அந்த மலைகள்ல முட்டி மழையா கொட்டித்தான் அங்க அத்தனை ஆறு ஓடுது. அங்க காலங்காலமா இருக்கிற காலினாகோ ஜனங்க தீவுக்கு வச்ச பேரு வைத்துகுபுலி, 'அவ உடம்பு உயரம்'னு அர்த்தம். எவ்வளவு அழகா பார்த்திருக்காங்க! கொலம்பஸ் 1493 நவம்பர் 3-ம் தேதி கப்பல்ல இருந்து பார்த்தாரு, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, லத்தீன்ல ஞாயிறுன்னு அர்த்தம் வர்ற 'டொமினிக்கா'ங்கிற பேரை வச்சிட்டு அவரு பாட்டுக்கு அடுத்த தீவுக்குப் போயிட்டாரு. யாரோ ஒருத்தன் உங்க தெரு வழியா போறப்ப திண்ணையில உங்களைப் பார்க்கிறான், 'ஏ செவ்வாக்கிழமை'ங்கிறான், ஐநூறு வருஷம் கழிச்சும் ரேஷன் கார்டுல, பத்திரத்துல, கல்யாணப் பத்திரிகையில உங்க வம்சத்துக்கே செவ்வாக்கிழமைன்னுதான் பேரு, எப்படி இருக்கும் உங்களுக்கு?

'வெஸ்ட் இண்டீஸ்'னு மொத்தமா சொல்லாதீங்க, அது கிரிக்கெட் டீம், நாடு இல்ல, தீவுக்குத் தீவு பேர் சொல்லுங்கன்னு நான் எழுதுறப்பெல்லாம் சண்டைக்கு வர்றீங்க. 2023 ஜூலையில நம்ம அஸ்வின் ஒரே டெஸ்ட்ல 12 விக்கெட் எடுத்தாரே, அது இதே டொமினிக்காவோட தலைநகர் ரோஸோவுல. விக்கெட் கணக்கு ஞாபகம் இருக்கு, ஊர் பேரு இருக்கா?

2017 செப்டம்பர் 18 ராத்திரி மரியா புயல் கேட்டகிரி 5-ங்கிற உச்சபட்ச வேகத்துல அந்தத் தீவு மேல ஏறிச்சு, பிரதமர் வீட்டுக் கூரையே பறந்துது, பச்சையா இருந்த மலை முழுக்க இலை உதிர்ந்து பழுப்பா நின்னுச்சு. அந்தக் காடு திரும்பத் துளிர்த்திருக்கு. அவங்க கொடியில இருக்கிற சிசெரூ கிளி உலகத்துல வேற எங்கயும் கிடையாது, அதுவும் பொழைச்சிருக்கு.

போன இதழ்ல இடம் பத்தல, கீழ இருக்கிற எரிமலைச் சூட்டுல கொதிச்சுக்கிட்டே இருக்கிற ஏரி ஒண்ணு அங்க இருக்கு, அதைத் தொடவே முடியல. அடுத்த இதழ்ல அதுக்கு ரெண்டு பக்கம்.