சிங்கப்பூரில் தொழிற்சங்கம் தரும் பயிற்சி உதவி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, சங்கத்தின் பயிற்சிக் கட்டண உதவித் திட்டமான யூட்டாப்பில் (UTAP) எவ்வளவு கிடைக்கும்?

பதில்: அரசு மானியம் போக, உங்கள் கையிலிருந்து கட்டும் கட்டணத்தில் பாதி. 40 வயதுக்குட்பட்ட என்டியுசி (NTUC, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) உறுப்பினருக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உச்சவரம்பு. 300 வெள்ளி கட்டினால் 150 வரும். 700 கட்டினாலும் 250தான். வகுப்பு தொடங்கும் முன்பே உறுப்பினராகி, சந்தா பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் வகுப்பு முடிகிறது. இப்போது சேரலாமா?

பதில்: சேரலாம், ஆனால் இந்த வகுப்புக்குப் பணம் வராது. முதலில் சங்கம், அப்புறம் வகுப்பு.

கேள்வி: வகுப்புக் கட்டணத்துக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 4,000 வெள்ளியும் சங்கம் தருவதா?

பதில்: இல்லை. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதம் அரசு கொடுத்தது.

கேள்வி: பயிற்சி தருவது முதலாளியின் கடமை. சம்பளத்துக்குப் போராட வேண்டிய சங்கம் வகுப்புக்கு ஆள் சேர்ப்பது ஏன்?

பதில்: முதலாளி அனுப்பும் வகுப்புக்கு முதலாளிதான் கட்ட வேண்டும், சரி. ஆனால் பயிற்சியையும் சம்பளத்தையும் பிரித்தால் நட்டம் தொழிலாளிக்கே. துப்புரவுத் துறையில் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுக்கும் போட்டியில் சம்பளம் ஆண்டுக்கணக்கில் ஏறாமல் கிடந்தது. என்டியுசி வற்புறுத்திய படிப்படியான சம்பள முறை 2014இல் அந்த நிறுவனங்களின் உரிமத்தோடு இணைக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் பயிற்சி உண்டு, அடிப்படைச் சம்பளம் உண்டு. அதற்குக் கீழே கொடுத்தால் உரிமத்துக்கே ஆபத்து. 2016இல் பாதுகாவலர்களுக்கும் வந்தது.

கேள்வி (அதே நண்பர்): சான்றிதழ் வாங்கியும் என்னைக் கீழ்ப்படியிலேயே வைத்திருக்கிறார்களே?

பதில்: சங்கம் தேவைப்படுவது அங்கேதான். 2019 முதல் நிறுவனப் பயிற்சிக் குழுக்கள் அமைக்கிறார்கள். நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து யாருக்கு என்ன பயிற்சி என்று முடிவெடுக்கும். 2022இல் இதற்கென 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. திட்டச் செலவில் 70 விழுக்காடு வரை நிறுவனத்துக்கு மானியம் கிடைக்கும், ஆனால் தொழிலாளிக்குச் சம்பள உயர்வோ வேலை முன்னேற்றமோ காட்ட வேண்டும். உங்கள் இடத்தில் குழு இருக்கிறதா என்று கிளைச் செயலாளரிடம் கேளுங்கள். அடுத்த வகுப்புக்குப் போகுமுன், முடித்தால் எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ஓய்வுநாளைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சம்பளப் பாக்கி இருக்கிறது...

பதில்: இங்கே காத்திருக்காமல், சம்பளத் தகராறுகளைத் தீர்க்க உதவும் டாடெமுக்கு (TADM) உடனே போங்கள். வேலையை விட்டிருந்தால் 6 மாதம்தான் கெடு.

கேள்வி: வகுப்பு முடித்துவிட்டேன். இப்போது உறுப்பினரானால் யூட்டாப் கிடைக்குமா?

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: வேறு துறைக்கு மாற யாரைப் பார்ப்பது, அண்ணே?

பதில்: ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் நிலையத்தில் என்டியுசியின் வேலைவாய்ப்பு உதவி நிலையமான இ2ஐ (e2i) இருக்கிறது. பழைய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.