3.45 அலாரத்துக்கு விழிப்பது நீங்கள் மட்டும்தானா?

கேள்வி: வயது 38. செங்கோட்டையில் வீடு, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் புனலூரில் வேலை, பஸ்ஸில் போக வர தினமும் மூன்று மணி நேரம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் அரை அயர்ன்மேன் போட்டிக்காக வாரம் 14 மணி நேரம் பயிற்சி செய்கிறேன். தினமும் 3.45க்கு எழுந்து புளியரை வழியாக சைக்கிளில் மலையேறி இறங்குகிறேன். 28 மி.மீ. டயர், 80 பிஎஸ்ஐ காற்று, அரை மணிக்கு ஒரு எனர்ஜி ஜெல் என்று எல்லாம் கணக்காகத்தான் போகிறது. ஆனால் மனைவி பேசுவதையே குறைத்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். இந்த விளையாட்டின் அருமையை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், செங்கோட்டை

பதில்: தம்பி, அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. டயரில் எவ்வளவு காற்று என்பது வரை எழுதிய நீங்கள், பிள்ளைகளை இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். 3.45க்கு அலாரம் அடித்தால் அவரும்தானே விழிக்கிறார்? நீங்கள் மலையில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, இட்லி அவித்து, டிபன் பாக்ஸ் கட்டி, வேனுக்குக் கூட்டிக்கொண்டு ஓடி, அப்புறம் நீங்கள் கழற்றிப் போட்ட, சாரலில் ஊறிய ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்துக் காய வைப்பது யார்? அந்த 14 மணி நேரம் அவர் கையிலிருந்து போகிறது, அதுவும் கேட்காமலே போகிறது. அவர் பேசாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

உங்கள் ஆசை தப்பு என்று சொல்ல மாட்டேன். 38 வயதில் ஒரு மனிதர் உடம்பை இப்படி மதிப்பது பெரிய விஷயம். ஆனால் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம் என்று 113 கிலோமீட்டரை, புனலூருக்குப் போக வரவே தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கழிக்கிறவர் முதல் வருடமே ஏன் எடுக்க வேண்டும்? இதே மூன்றையும் குறைந்த தூரத்தில் வைக்கும் ஒலிம்பிக் தூரப் போட்டி இருக்கிறது: நீச்சல் 1.5, சைக்கிள் 40, ஓட்டம் 10 கிலோமீட்டர். வேலைக்குப் போகிறவர் அதற்கு வாரம் ஏழெட்டு மணி நேரம் ஒழுங்காகச் செய்தாலே தாராளமாக முடிக்கலாம். இந்த வருடம் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை, அதிலேயே எனக்குப் பதில் தெரிகிறது. பயிற்சியில் தேய்ந்த தசை தூக்கத்தில்தான் சரியாகிறது. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே நாடி பாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால், சைக்கிளைத் தொடாமல் திரும்பிப் படுங்கள். மற்றபடி, சாரல் மாதத்தில் விடியாத இருட்டில் எஸ் வளைவில் நீங்கள் இறங்கி வருவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கேரளாவுக்குப் பாரம் ஏற்றிப் போகிற லாரி அந்த வளைவில் ஒதுங்க இடம் ஏது? வேலை நாட்களில் சைக்கிளை வீட்டிலேயே டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டி முக்கால் மணி நேரம் மிதியுங்கள், போதும். பிள்ளைகள் எழும்போது அப்பா கூடத்தில் இருப்பார். மலை ஞாயிற்றுக்கிழமைக்கு, அதுவும் வெளிச்சம் வந்த பிறகு. இறங்கியதும் ஷூவை மாற்றிக்கொண்டு கால் கனக்கக் கனக்க ஒரு கால் மணி நேரம் ஓடிவிட்டு, 10 மணிக்குள் வீட்டில் இருங்கள்.

அயர்ன்மேனைத் தொடங்கியவர்கள் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்ற கணவனும் மனைவியும். 1978இல் ஹவாயில் 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். அதற்கும் முன்னால், 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த முதல் நவீன டிரையத்லானில் (இந்த மூன்றும் சேர்ந்த போட்டிக்குப் பெயர் அதுதான்) அந்தக் குடும்பமே, இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து, கலந்துகொண்டது. உங்கள் மனைவி ஓட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா?

வருகிற ஞாயிறு ராத்திரி காலண்டரை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். வாரத்தில் எந்த இரண்டு காலை தனக்கு வேண்டும் என்று முதலில் அவர் குறிக்கட்டும். தூங்குவாரோ, கோயிலுக்குப் போவாரோ, சும்மா உட்கார்ந்திருப்பாரோ, அது அவர் இஷ்டம். அந்த இரண்டு நாளும் இட்லியும் வேனும் உங்கள் பொறுப்பு. மிச்சம் இருக்கும் கட்டங்களில் உங்கள் பயிற்சியை எழுதுங்கள். ஷூவுக்குள் பேப்பர் திணிப்பதையும் இனி நீங்களே செய்யுங்கள்.