கம்பி பிடித்துப் பறக்கலாம்: வாசகர் கேள்வி – பதில்

கண்ட்ரோல் லைன் எனும் சிறிய மாதிரி விமானத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் ரேடியோ கிடையாது. நீங்கள் திடலின் நடுவில் நிற்கிறீர்கள். கையில் ஒரு பிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் பதினைந்து, பதினெட்டு மீட்டர் நீண்டு விமானத்தின் இடது இறக்கைக்குள் போகின்றன. மணிக்கட்டை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். அது உங்களைச் சுற்றும். நீங்களும் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும்.

ஐயா, முன்பெல்லாம் எங்கள் தோட்டத்தில் நாலைந்து பேர் கூடிப் பறக்கவிடுவோம். இப்போது ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் ஷா ஆலமில். விமானத்தைப் பிடித்துவிடக்கூட ஆள் இல்லை. தனி ஆளாக முடியுமா?
– வாசகர், சிம்மோர்

முடியும் தம்பி. ஆளுக்குப் பதிலாக விமானத்தைப் பிடித்து நிறுத்த ஒரு ஸ்டூஜ் செய்துகொள்ளுங்கள். ஒன்றரை அடி ஆங்கிள் இரும்பு போதும். ஒரு முனையைக் கூராக்கித் தரையில் அடித்து இறக்குங்கள். மேல் முனையில் இரண்டு காதுகளை வெல்டு செய்து, இரண்டிலும் நேர்க்கோட்டில் துளை போட்டு, வழவழப்பான ஆறு மில்லி கம்பி ஒன்றை ஊசியாகச் செருகுங்கள். விமானத்தின் வாலில் ஒரு சின்னக் கம்பி வளையம் இருக்க வேண்டும். அது இந்த ஊசியில் மாட்டிக்கொள்ளும். ஊசியின் தலையில் தூண்டில் நரம்பைக் கட்டி, நீங்கள் நிற்கும் இடம் வரை இழுத்து வாருங்கள். நரம்பைச் சுண்டினால் ஊசி வெளியே வரும், விமானம் கிளம்பிவிடும். ஊசி உங்களைப் பார்த்தபடி நேராக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் இறுகிக்கொண்டு வராது. நான் தோட்டப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன், அதனால் சொல்கிறேன்: துளையின் உள்விளிம்பை அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிசிறு இருந்தால் அங்கேதான் ஊசி மாட்டும்.

மழை ஊறிய மண்ணில் ஒன்றரை அடி நிற்காது. இரண்டரை அடி வேண்டும். அடித்த பிறகு, எஞ்சின் இழுப்பதைவிட மூன்று மடங்காவது கையால் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் இடத்தை மாற்றுங்கள்.

அப்புறம் வரிசை முக்கியம். கம்பிகளை விரித்து, பிடியை மேலே சாய்த்தால் வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற அசையும் தகடும் மேலே போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடியைத் தலைகீழாக எடுத்துவிட்டால் விமானம் கிளம்பிய வேகத்தில் மண்ணில் குத்தும். மேல் பக்கத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்து வைப்பது நல்லது. எஞ்சினைக் கிளப்பியதும் புரொப்பெல்லருக்கு முன்னால் நடக்காதீர்கள், பின்பக்கமாகச் சுற்றி வாருங்கள். இரண்டாவதாக ஒரு பாதுகாப்பு ஊசி போட்டிருந்தால் அதைக் கடைசியில்தான் உருவ வேண்டும். வலது கையில் பிடி, இடது கையில் நரம்பு. பிடியின் வாரை மணிக்கட்டில் மாட்டாமல் நரம்பைத் தொடவே கூடாது. நரம்பு விமானத்தின் வால் பக்கமாகத் தரையில் கிடக்கட்டும். சுண்டியதும் அதை உதறி எறிந்துவிடுங்கள். நீங்கள் சுற்றும்போது காலில் சுற்றிக்கொண்டால் வம்பு.

பேட்டரி மோட்டார் வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். டைமரில் பட்டனை அழுத்தி அரை நிமிடம் கழித்து மோட்டார் சுற்றும்படி வைக்கலாம். அதற்குள் நடுவுக்கு வந்து பிடியை எடுத்துவிடலாம். ஆனாலும் ஸ்டூஜ் வேண்டும்.

1940-களில் இந்த விளையாட்டைப் பரப்பிய அமெரிக்கர் ஜிம் வாக்கர், இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தலையில் மாட்டிய தொப்பியில் ஒன்று என மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டுக் காட்டியவர். அவருக்கே தரையில் பிடித்துவிட ஆள் தேவைப்பட்டிருக்கும். தனியாகப் பறப்பது வேறு, யாருக்கும் தெரியாமல் போவது வேறு. புரொப்பெல்லர் விரலை வெட்டினால் கட்டுப்போட ஒரு கை வேண்டும். ஒட்டுக்கடை அண்ணனிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊரில் மழை விட்டால்தானே பறக்க?
– வாசகர், தைப்பிங்

எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டின ஊர்க்காரர் நீங்கள், எனக்கே தெரியாததையா கேட்கிறீர்கள்! ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் மத்தியானத்தை மறந்துவிடுங்கள். வெயில் ஏறி, இரண்டு மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்துவிடும். நமக்குக் காலைதான். பசியாறிவிட்டு ஏழரைக்கு இறங்கினால் பத்தரைக்குள் முடித்துக்கொள்ளலாம்.

காலையில் புல் நனைந்திருக்கும், சக்கரம் உருளாது. நாலுக்கு எட்டு அடி பிளைவூட் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேலிருந்து கிளப்புங்கள். கம்பிகள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விமானம் குட்டிக்கரணம் போடப் போட முறுக்கு ஏறி, பிடி கனத்துப்போகும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஊற்றியதும் மூடியை இறுக்குங்கள். எரிபொருளின் அளவைத் திருத்தும் திருகுதான் நீடில்; ஏழரைக்கு வைத்த நீடில் பத்து மணிக்குச் சரிவராது. சூடேறிய காற்றில் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும், ஓரிரு கிளிக் மூடிப் பாருங்கள்.

மின்னலைப் பார்த்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் திடலில் கால் வைக்காதீர்கள். கையில் இருப்பது எஃகுக் கம்பி. இதில் பேரமே கிடையாது.

இங்கே கடற்கரைக் காற்று ஓய்வதே இல்லை. கம்பி தொய்ந்து இரண்டு விமானம் போய்விட்டது, அண்ணே.
– வாசகர், பாகான் டத்தோ

காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். விமானம் உங்கள் வலமிருந்து இடமாக முன்னால் போகும்போது காற்று அதை வெளியே தள்ளும், கம்பி விறைப்பாக நிற்கும். முதுகுப்பக்கம் வரும்போது அதே காற்று அதை உங்கள் மேல் தள்ளும். தொய்வு அங்கேதான் வரும். தொய்ந்த கம்பியோடு மணிக்கட்டை என்ன ஆட்டினாலும் விமானம் கேட்காது. அதனால் வித்தை எல்லாம் முன்பக்கம் மட்டும். பின்பக்கம் மட்டமாகக் கடந்து போகட்டும். ஸ்டூஜையும் முன்பக்கத்துக்குக் கொஞ்சம் வலப்புறமாக வையுங்கள். தரையை விட்டு எழும்போது காற்று உதவி செய்யும். கம்பி தொய்ந்துவிட்டால் யோசிக்காமல் விமானத்துக்கு எதிர்ப்பக்கம் பின்னால் ஓடுங்கள், இரண்டடி கூட உயிர் கொடுக்கும். எஞ்சினை லேசாக வெளிப்பக்கம் திருப்பி வைத்து, வலது இறக்கை முனையில் சிறிது ஈயம் சேர்த்தால் தொய்வு குறையும். காற்று வரும் பக்கம் மரக்கூட்டம் இருந்தால் அதன் அருகில் வேண்டாம், அங்கே காற்று சுழலும். உங்கள் ஊர்த் தென்னை ஓலை விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

ட்ரோன் காலத்தில் இந்தக் கம்பி எதற்கு, தாத்தா?
– கல்லூரி மாணவர், ஈப்போ

ட்ரோன் தானாக நிற்கும். இது இழுக்கும். ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

என் மகனுக்குப் பத்து வயது. இதைக் கேட்டு நச்சரிக்கிறான். லயத்துக்குப் பக்கத்திலேயே திடல் இருக்கிறது. ஓரமாக மின்கம்பி போகிறது. பரவாயில்லையா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பையனுக்குத் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள் அம்மா. பேட்டரியில் ஓடும் சின்ன விமானம், பத்து மீட்டர் கம்பி போதும். முதலில் பெரியவர் ஒருவர் அவன் பின்னால் நின்று, அவன் கைமேல் கை வைத்துச் சேர்ந்து சுற்றட்டும். கண் விமானத்தின் மேலேயே இருக்க வேண்டும். மரத்தையும் தரையையும் பார்த்தால் தலை சுற்றும். மற்ற பிள்ளைகள் வட்டத்துக்கு வெளியே நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும்.

ஆனால் அந்தத் திடல் வேண்டாம். எஃகுக் கம்பி மின்கம்பியைத் தொட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. வெளிநாடுகளில் இப்படி உயிர் போயிருக்கிறது. ஓரமாகத்தானே போகிறது என்று நினைக்காதீர்கள். கம்பி அறுந்த விமானம் எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது, பிடித்திருப்பவரும் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. தமிழ்ப்பள்ளித் திடலுக்கு மேலே மின்கம்பி எதுவும் இல்லை என்றால் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். கொடுக்க யோசித்தால் எனக்கு எழுதுங்கள், நான் வந்து பேசுகிறேன்.