வேலூரில் பழைய சினிமா தியேட்டரை இடிக்காமல் ஜவுளிக்கடையாக மாற்ற முடியுமா?

முடியும். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் 1919இல் திறந்த நாடக அரங்கம் ஒன்று 2000 முதல் புத்தகக்கடையாக இருக்கிறது. மாடங்கள், ஓவியம் வரைந்த கூரை எல்லாம் அப்படியே. மேடையில் காபி குடிக்கலாம்.

நம்ம ஊரில் முதல் சிக்கல் சரிவான தரை. பலர் மண் கொட்டி மட்டமாக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சரிவின் மேலேயே இரும்புத் தூண் நிறுத்தித் தளம் போடுங்கள். அடியில் கிடைக்கும் இடத்தில் ஒயரிங், ஏசி குழாய் ஓடும். பழைய தரையும் பிழைக்கும்.

அடுத்தது பால்கனி. இருக்கை பொருத்திய அரங்குக்கும் சில்லறைக் கடைக்கும் இந்தியத் தரநிலை ஏறத்தாழ ஒரே சுமையைத்தான் சொல்கிறது: சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ. ஆனால் அங்கே சேலை பண்டல்களை அடுக்கிக் குடோன் ஆக்கினால் கணக்கே வேறு. பழைய கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு ரேக்கும் ஏற்ற வேண்டாம்.

சுவரில் எதிரொலியைத் தடுக்க ஒட்டிய பழைய அட்டையும் துணியும் சீக்கிரம் தீப்பிடிக்கும், கழற்றிவிடுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடைக்காமல், நனைத்து, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். வேலூர் வெயிலுக்குப் புதுக் கூரையில் வெப்பத்தடுப்பு அவசியம். அப்புறம், பயன்பாட்டு மாற்றத்துக்குத் திட்ட அனுமதியும் தீயணைப்புத் துறைச் சான்றும் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

புரொஜக்டர் அறையின் அந்தச் சின்னச் சதுரத் துவாரங்களை மட்டும் தயவுசெய்து பூசி மூடாதீர்கள். கண்ணாடி போட்டு, பின்னால் ஒரு விளக்கு வையுங்கள்.